ஆராய்-தே-உரு கவிழ்ந்த கரை: மோஎராக்கி உருண்டைப் பாறைகள், நாள்வாரிக் குறிப்புகள்

முதல் நாள்: கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஹாம்ப்டன்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், டனீடினுக்கும் ஓமாருவுக்கும் நடுவே கோஎகோஹே என்றொரு கடற்கரை இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் விட்டமுள்ள உருண்டைப் பாறைகள் அங்கே மணலில் பாதி புதைந்து கிடக்கின்றன. சுற்றுலாப் பேருந்துகள் அரை மணி நேரம் நிறுத்துகின்றன. இறங்கி, படம் எடுத்து, காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இப்படிப் பார்ப்பது அந்தக் கரைக்குச் செய்யும் அநியாயம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், குறிப்பாக இந்தத் தென்பகுதிக்குரிய காய் தாஹு குலத்தார், இந்தப் பாறைகளை மட்டும் தனியாக வைத்துக் கதை சொல்லவில்லை. சுமார் இருபது கிலோமீட்டர் கரையும், அதன் பின்னால் நிற்கும் குன்றுகளும், தொலைவில் பனி மூடிய மலைத்தொடரும் சேர்ந்த ஒரே கதை அது: ஆராய்-தே-உரு என்ற பெரும் படகு கவிழ்ந்த கதை. அதனால்தான் இந்தப் பயணத்துக்கு ஐந்து நாள். கதையில் படகு சென்ற திசையிலேயே, வடக்கிலிருந்து தெற்காக வழி போட்டிருக்கிறது.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மாநில நெடுஞ்சாலை 1-இல் ஓமாரு சுமார் 250 கிலோமீட்டர். மூன்றேகால் மணி நேரம் போதும், ஆனால் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம்தான். வழியில் ரக்காயா, ரங்கிதாதா, வைதாக்கி என்று மலையிலிருந்து வரும் ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் அகன்ற ஆற்றுப் படுகைகள் வரும். ரக்காயா பாலம் மட்டுமே சுமார் 1.7 கிலோமீட்டர் நீளம். ஓமாருவில் பெட்ரோலும் மளிகையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குத் தெற்கே சின்ன ஊர்கள்தான். இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் ஹாம்ப்டன்.

ஊரிலிருந்து ஊறுகாயும் கறிவேப்பிலையும் கட்டிக்கொண்டு வருபவர்கள் விமான நிலையப் படிவத்தில் எல்லா உணவுப் பொருளையும் எழுதிவிட வேண்டும். எழுதினால் சோதித்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். காலணியில் ஒட்டிய மண்ணுக்கும் இதே கெடுபிடி உண்டு.

பாறைகளுக்கு மிக அருகில் கார் நிறுத்தும் இடம் இருக்கும்போது ஹாம்ப்டனில் எதற்குத் தங்க வேண்டும்? பொழுது விடியும் முன்பே கரையில் இறங்கி, மணலோடு முக்கால் மணி நேரம் தெற்கே நடந்து பாறைகளை அடையலாம் என்பதற்காக. கூட்டம் வருவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கடலின் ஏற்றவற்ற நேரத்தைக் குறித்துக்கொள்வது. வற்றம் உச்சத்துக்கு மூன்று மணி நேரம் முன்னும் பின்னும்தான் பாறைகளிடையே நடக்க முடியும். நீர் ஏறிவிட்டால் பல பாறைகளின் தலை மட்டும் தெரியும், சிலது அதுவும் தெரியாது. ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி. நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இங்கே தவறு நேர்வது இரண்டு வகையில். ஒன்று, டனீடின் துறைமுக நேரத்தைப் பார்ப்பது. அந்த நகரம் நீண்டு ஒடுங்கிய கடற்கழியின் உள்முனையில் இருக்கிறது. அங்கே நீர் ஏறுவதும் வற்றுவதும் திறந்த கரையைவிடப் பிந்தும். ஓமாரு நேரத்தைப் பாருங்கள். இரண்டாவது கோடை நேரக் குழப்பம். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். கையிலிருக்கும் அட்டவணை அதைச் சேர்த்ததா இல்லையா என்று பார்க்காமல் கிளம்பினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

இரண்டாம் நாள்: கோஎகோஹே கரை

கிழக்குப் பார்த்த கரை. டிசம்பரில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும், ஜூனில் எட்டு மணிக்கு மேல். நல்ல வற்றமும் விடியலும் ஒரே நேரத்தில் கூடும் நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த பொழுது கிடையாது. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது கடலை நோக்கிப் படம் எடுத்தால் பாறைகள் கரிய வட்டங்களாக மட்டுமே விழும். நீரோரம் போய்க் கரையைப் பார்த்து நின்றால்தான் வெளிச்சம் பாறையின் முகத்தில் பட்டு, அதன் மேலுள்ள கோடுகள் தெளியும். அப்படி நிற்கும்போது முதுகு கடல் பக்கம் இருக்கும். நாலைந்து சின்ன அலைகளுக்குப் பின் ஒரு பெரியது வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது கதை. ஆராய்-தே-உரு ஒரு பெரும் படகு. மூதாதையரின் தாயகமான ஹவாய்க்கியிலிருந்து கூமராவை, அதாவது நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கை, ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தது. இந்தக் கரையோரம் வரும்போது பெரிய அலைகளில் சிக்கியது. சரக்கு கடலில் விழுந்தது. விலாங்கு பிடிக்கும் பறிகளும், தண்ணீர் சுமந்த சுரைக்குடுக்கைகளும், கிழங்குகளும் கரையில் ஒதுங்கிக் கல்லாயின. உருண்டையாக இருப்பவை பறிகளும் குடுக்கைகளும். ஒழுங்கற்ற சிறு கற்கள் கூமரா. பாறைகளின் மேல் ஓடும் வலைப்பின்னல் போன்ற கோடுகள், படகிலிருந்த மீன்வலைகளின் எச்சம். மாவோரிகள் இவ்விடத்தை தே கைஹினாக்கி என்கிறார்கள்.

ஹீனாக்கி என்ற அந்தப் பறியைப் பார்த்தவர்களுக்கு இந்த உருவகம் எவ்வளவு கூர்மையானது என்று உடனே புரியும். காட்டுக்கொடிகளை வளைத்துப் பின்னிய உப்பலான கூடு அது. வாய் உட்பக்கமாகக் குவிந்திருக்கும். விலாங்கு உள்ளே நுழையலாம், திரும்பி வர முடியாது. உடைந்த மோஎராக்கிப் பாறை ஒன்றின் உள்ளே குனிந்து பாருங்கள்: நடுவில் வெற்றிடம், அதிலிருந்து விளிம்பை நோக்கிக் கிளம்பும் கிளைச் சுவர்கள், சுவர்கள் நெடுக மஞ்சள் படிகம். அதைக் கூடு என்று சொன்னவர்கள் கல்லை உள்ளும் புறமும் உற்றுப் பார்த்தவர்கள்.

புவியியலார் இதைச் செப்டேரியன் கன்கிரீஷன் என்பார்கள், அதாவது உள்ளே விரிசல் ஓடிய, கெட்டிப்பட்ட மண் உருண்டை. சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் காலத்தில், இந்த இடம் கடலடிச் சேறு. சேற்றின் இடுக்குகளில் இருந்த நீரிலிருந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்து, மண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்தது. சேறு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருந்ததால் கெட்டிப்படுவதும் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவியது. உருண்டை வடிவம் வந்தது இதனால்தான். அலை உருட்டி வந்த வடிவம் இல்லை. இந்த ஒன்றைத்தான் வருகிறவர்களில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு மீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கன அளவு நான்கு கன மீட்டருக்கு மேல். எடை பல டன். இதை எந்த அலையும் கூழாங்கல் போல உருட்டித் தேய்க்காது. பெரிய உருண்டைகள் வளர்ந்து முடிய நாற்பது முதல் ஐம்பத்தைந்து லட்சம் ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காலம் முழுக்க அவற்றின் மேல் 10 முதல் 50 மீட்டர் கனத்துக்குச் சேறு படிந்துகொண்டே இருந்தது.

வெளி ஓடு கடினம், உட்புறம் ஒப்பீட்டில் மெத்து. உட்புறத்தில் விரிசல்கள் விழுந்தன; மையத்தில் அகன்று, விளிம்பை நெருங்க நெருங்க ஒடுங்கும். விரிசல் எதனால் விழுந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. அதற்குள் நிரம்பியது என்ன என்பதில் ஐயமில்லை: முதலில் பழுப்புக் கால்சைட், அதன் மேல் மஞ்சள் கால்சைட், அரிதாகச் சிலவற்றில் கடைசியாக மெல்லிய டோலோமைட்டும் குவார்ட்சும். கடல்மட்டம் இறங்கிய பிறகு நிலத்தடி நன்னீர் உள்ளே புகுந்து படிந்தவை இவை. உருண்டையின் உடல் கடலில் பிறந்தது, நரம்புகள் நன்னீரில்.

பெரியவற்றின் விட்டம் ஒன்றரை முதல் 2.2 மீட்டர், இவைதான் மூன்றில் இரண்டு பங்கு. மீதி அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். கரையின் பின்னால் இருக்கும் சேற்றுப்பாறைச் சரிவையும் விடாமல் பாருங்கள். சரிவின் முகத்தில் ஓர் உருண்டை நெற்றி மட்டும் காட்டிக்கொண்டிருக்கலாம். அலை அடிவாரத்தை அரிக்க அரிக்க அது வெளியே வந்து ஒரு நாள் மணலில் விழும். சரிவுக்கு நேர் கீழே, முக்கியமாக மழைக்குப் பின், நிற்காதீர்கள், மண் சரியும்.

வால்டர் மேன்டெல் 1848-இல் வரைந்த ஓவியத்தில் இன்று இருப்பதைவிட அதிகப் பாறைகள் தெரிகின்றன. பிற்பாடு சிறிய உருண்டைகளைப் பலரும் தோட்ட அலங்காரத்துக்கு எடுத்துப் போனார்கள். தூக்க முடிந்ததெல்லாம் போய், தூக்க முடியாதவை மிஞ்சின. இப்போது இது பாதுகாக்கப்பட்ட அறிவியல் காப்பிடம். ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. மேலே ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம். அடிப்பாகத்தில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும், கால் வழுக்கினால் விழுவது அடுத்த பாறையின் மேல்தான். அது போக, ஒரு மக்கள் தங்கள் மூதாதையரின் படகுச் சரக்கு என்று சொல்லும் பொருளின் மேல் காலை வைப்பது எந்த ஊர் வழக்கத்திலும் முறையாகாது.

நடக்க முடியாதவர்களுக்கு நெடுஞ்சாலையிலிருந்தே பெயர்ப்பலகை உண்டு. பொது வாகன நிறுத்தத்திலிருந்து கரையோடு சில நிமிட நடைதான். பக்கத்து உணவகத்தின் வழியே இறங்கும் தனியார் படிகளுக்குச் சிறு நன்கொடை கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஈரம் இருக்கும்போது நிறம் நன்றாக எடுக்கும். காற்றுக்குத் தடுப்பே இல்லாத கரை என்பதால் கோடையிலும் ஒரு ஜாக்கெட் கட்டாயம்.

மூன்றாம் நாள்: மோஎராக்கி ஊரும் காட்டிக்கி முனையும்

ஊர் மிகச் சிறியது, மீன்பிடிப் படகுகள் நிற்கும் வளைகுடா. 1836-இல் இங்கே திமிங்கில வேட்டை நிலையம் ஒன்று தொடங்கியது. அதற்கு ஓரிரு ஆண்டுகளில், வடக்கே நடந்த போர்களிலிருந்து தப்பிய காய் தாஹு மக்கள் சிலர் இங்கே குடியேறினார்கள். அவர்களை வழிநடத்தியவர் மத்தியாஹா திராமோரேஹு. மரபுக் கதைகளையும் வம்சாவளிகளையும் முறையாகக் கற்றவர். 1848-இல் கெம்ப் ஒப்பந்தத்தின் மூலம் தெற்குத் தீவின் பெரும்பகுதியை அரசு வெறும் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தை அளந்து குறித்தவர், நேற்றுச் சொன்ன அதே வால்டர் மேன்டெல். பிழைப்புக்கே போதாத அளவு நிலம்தான் கொடுக்கப்பட்டது. திராமோரேஹு 1849-இல் மோஎராக்கியிலிருந்தே அரசுக்கு முறையீடு எழுதினார். அந்த வழக்கு தலைமுறை தலைமுறையாக நீண்டு, 1998-இல்தான் சட்டமாகி, 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் தீர்வு வந்தது. பாறைகளை வரைந்த கையும் நிலத்தைச் சுருக்கிய கையும் ஒன்றே என்பதைத் தெரிந்துகொண்டு அந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும். 1862-இல் கட்டிய கொத்தாஹிதாங்கா என்ற மரத் தேவாலயம் ஊரில் இன்றும் இருக்கிறது.

பிற்பகலில் காட்டிக்கி முனை. ஊரிலிருந்து கலங்கரைவிளக்கச் சாலையில் போக வேண்டும். கடைசிப் பகுதி சரளைச் சாலை, மெதுவாக ஓட்டுங்கள். 1878-இல் கட்டிய மர விளக்கக்கூண்டு வெள்ளையாக நிற்கும். அதைத் தாண்டிய முனை தே ராக்கா-ஆ-ஹினேயாத்தேயா என்ற பழைய மாவோரிக் கோட்டை இருந்த இடம். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் ஒடுங்கிய நிலம். காவலுக்கு ஏன் இதைத் தேர்ந்தார்கள் என்பது நின்று பார்த்தாலே விளங்கும்.

இங்கே அடர்மயிர் கொண்ட கடல்நாய்களான மயிர்ச்சீல்கள் பாதையோரம்கூடப் படுத்திருக்கும். 20 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அவற்றுக்கும் கடலுக்கும் நடுவில் போகாதீர்கள், வழி மறிக்கப்பட்டதாக எண்ணினால் பாய்ந்து வரும். ஹோய்ஹோ எனும் மஞ்சள்கண் பென்குவின் பிற்பகலில் இரை தேடிவிட்டுக் கரையேறும். இதற்கு 50 மீட்டர் இடைவெளி. அது கரையேறும் வழியில் மனிதர் நின்றால் கடலிலேயே காத்திருக்கும், கூட்டில் குஞ்சு பசியோடு கிடக்கும். உலகிலேயே மிக அரிதான பென்குவின்களில் ஒன்று. மறைவிடத்திலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், பேச்சைக் குறைத்துப் பார்க்கலாம். வாயிற்கதவை மாலையில் அடைத்துவிடுவார்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கதவிலேயே எழுதியிருக்கும்.

நான்காம் நாள்: மாத்தகாயா, பிறகு குன்றுகள்

மோஎராக்கியிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை காட்டிக்கிக் கரையை ஒட்டியே ஓடுகிறது. கடல் சாலையை அரித்துக்கொண்டிருக்கிறது, பழுது வேலைக்காக வாகனங்களை நிறுத்திவைப்பது உண்டு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஷேக் பாயின்ட் பலகை. கடல் பக்கம் திரும்புங்கள். மாவோரிப் பெயர் மாத்தகாயா.

ஆராய்-தே-உரு முடிந்தது இங்கேதான். முனையிலிருந்து கடலுக்குள் நீளும் பாறைத் திட்டு படகின் உடல். பக்கத்தில் துருத்தி நிற்கும் பாறை அதன் தலைவன். வற்றத்தில் வந்தால்தான் திட்டின் முழு நீளமும் தெரியும். அலை மேலே ஏறி இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பிரிந்து விழும்போது, படகு என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கலம் செலுத்துகிறவர்களுக்கு இந்தக் கதை ஓர் எச்சரிக்கையும் ஆகும்: இந்த முனையில் திட்டு நீள்கிறது, ஒதுங்கிப் போ. 1998 சட்டத்தில் மாத்தகாயாவுக்கு தோப்புனி என்ற தகுதி கொடுத்திருக்கிறார்கள். அரசுப் பாதுகாப்பு நிலமாக இருந்தாலும், காய் தாஹுவின் மதிப்பு அதன் மேல் போர்த்தப்பட்டிருக்கிறது என்பது பொருள்.

பாதை எளிது, குட்டை. சீல்கள் இங்கும் உண்டு. இந்தக் கரையிலும் உருண்டைகள் இருக்கின்றன, ஆனால் மோஎராக்கியினும் பழைய அடுக்கைச் சேர்ந்தவை. இவற்றில் சிலவற்றுக்குள் கடல் ஊர்வனவற்றின் எலும்பு கிடைத்திருக்கிறது. அதைப் பார்க்க நாளை டனீடின். முன்பு நிலக்கரி வெட்டிய இடமும் இது, சுரங்கம் கடலுக்கடியிலும் போனது. பழைய குழிகள் இருக்கக்கூடும் என்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள்.

படகு கவிழ்ந்தபின் நீந்திக் கரையேறியவர்கள் நிலத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். விடிவதற்குள் திரும்பியாக வேண்டும். பெரும்பாலோர் திரும்பவில்லை, வெளிச்சம் பட்டதும் நின்ற இடத்திலேயே மலைகளானார்கள். பால்மர்ஸ்டன் ஊருக்குமேல் கூம்பாக நிற்கும் பூக்கெத்தாப்பு (343 மீட்டர்) அந்தப் பெயர்ப் பட்டியலில் ஒன்று. உச்சியில் இருக்கும் கல்தூண் மாவோரிச் சின்னமல்ல, ஜான் மெக்கென்சி என்ற அரசியல்வாதியின் நினைவுச் சின்னம். ஏற்றம் செங்குத்து, மேய்ச்சல் நிலம் வழியே போவதால் வாயில்களைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள். மேலே நின்றால் வடகிழக்கே மாத்தகாயா முனையும் உள்நாட்டுக் குன்றுகளும் ஒரே பார்வையில் அடங்கும். நியூசிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஆவோராக்கியும் ஒரு மரபின்படி இதே படகில் வந்த சிறுவன்தான். தாத்தா கிரிகிரிகத்தத்தாவின் தோளில் உட்கார்ந்திருந்ததால் எல்லாரையும்விட உயரமாகிவிட்டான். ஆவோராக்கியை விண்தந்தையின் மகனாகச் சொல்லும் இன்னொரு மரபும் அதே குலத்தாரிடம் உண்டு. ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்க யாரும் முனைவதில்லை.

எழுத்தில்லாத காலத்தில் ஒரு நாட்டின் நிலப்படத்தைத் தலையில் சுமக்க இதைவிட நல்ல வழி என்ன இருக்க முடியும்? பயணிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மலைகளின் வரிசையும் தெரிந்துவிடுகிறது.

ஐந்தாம் நாள்: டனீடின்

பால்மர்ஸ்டனிலிருந்து டனீடின் சுமார் 55 கிலோமீட்டர். நேரே ஒட்டாகோ அருங்காட்சியகம். அங்கே கைஃபெக்கேயா இருக்கிறது: மாத்தகாயா உருண்டைகளிலிருந்து எடுத்த பிளீசியோசர் என்ற அழிந்துபோன கடல் ஊர்வன, நீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர், வயது சுமார் ஏழு கோடி ஆண்டு. 2002-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டு கைஃபெக்கேயா காட்டிக்கி என்று பெயர் பெற்றது. எலும்புகள் நசுங்காமல் கிடைத்ததற்குக் காரணம் அந்தக் கல்லேதான். மேலே சேற்றின் பாரம் ஏறி அழுத்துவதற்கு முன்பே சுற்றியிருந்த மண் கெட்டியாகிவிட்டால், உள்ளே இருப்பது அப்படியே தங்கிவிடும். கோஎகோஹே உருண்டைகளைப் பார்த்தபின் இதைப் பார்த்தால்தான் அந்த வேதியியல் மனதில் நிற்கும். அதனால் முதலில் டனீடினுக்கு வருபவர்களும் அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி கூமரா. இவ்வளவு குளிரில் சர்க்கரைவள்ளியா என்ற கேள்வி கதையைக் கேட்டதுமே எழும். மாவோரிகள் அதைப் பயிரிட்ட தெற்கெல்லை கிறைஸ்ட்சர்ச்சை ஒட்டிய பாங்க்ஸ் தீபகற்பம் என்பதே நெடுங்காலக் கணிப்பு. டனீடினுக்குச் சற்று வடக்கே பூராகாவுநூயி என்ற இடத்தில் கிழங்கு சேமிக்கும் குழிகளின் தடயம் கிடைத்தது. 2021-இல் வெளியான ஆய்வு அவற்றின் காலத்தை 1430–1460 என்று குறித்தது. அந்த எல்லைக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இது. அந்த ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டியதோடு நிற்காமல், கூமரா இந்தக் கரைக்கு வந்ததைச் சொல்லும் மாவோரி மரபுகளையும் சேர்த்தே படித்தார்கள். படகுச் சரக்கில் கிழங்கு இருந்ததென்று இந்த மக்கள் விடாமல் சொல்லி வந்ததை வெறும் அலங்காரம் என்று தள்ளியவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

பூராகாவுநூயி நகரிலிருந்து காரில் அரை மணி நேரம், மலைச்சாலை, வளைவுகள் அதிகம். குழிகள் இருந்த இடத்தில் பலகையோ காட்சியோ எதிர்பார்க்காதீர்கள், கழிமுகமும் மணல்திட்டும்தான். பெரிய கார் எடுத்தவர்கள் பகலிலேயே போய்த் திரும்பிவிடுவது நல்லது. கிறைஸ்ட்சர்ச் திரும்ப ஐந்து மணி நேர ஓட்டம். டனீடினிலேயே வண்டியை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுவதானால், வாடகை எடுக்கும்போதே ஒருவழிக் கட்டணத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.